மூன்று கீறல், ஒரு வால்

அந்த ஆப்பை என் போனில் ஏற்றிக் கொடுத்தது கேக் அக்காதான். நான் வேலை பார்க்கும் ரொட்டிக் கடையில் கேக்குக்கு க்ரீம் பூசி, பூ வைத்து, பிறந்தநாள் வாழ்த்து எழுதுகிறவள் அவள். நான் ரொட்டி போடுகிறவள். எங்களுக்கு நடுவில் ஒரு ஸ்டீல் மேஜை. அந்தப் பக்கமிருந்து அவள் நாள் முழுக்க வாய் ஓயாமல் பேசுவாள். இந்தப் பக்கமிருந்து நான் "ம்" என்பேன்.

"உன்கூடப் பேசறதுக்கு அந்த மாவு மெஷின்கூடப் பேசலாம்டி. அதாச்சும் கடகடன்னு ஏதாவது பதில் சொல்லும்" என்றாள் ஒருநாள்.

பேசாமல் இருக்க எனக்குக் காரணம் இருந்தது. நானும் என் மகளும் என் புருஷனிடமிருந்து தப்பி இந்த ஊருக்கு வந்தவர்கள். நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று அவனுக்குத் தெரியக் கூடாது. எனக்கு இருக்கும் பெரிய வேலை அது ஒன்றுதான், ரொட்டி போடுவதெல்லாம் அதற்கு அப்புறம். கேக் அக்காவுக்கும் கடை முதலாளியம்மாவுக்கும் மட்டும் விஷயம் தெரியும். மற்றவர்களுக்கு நான் ஒரு வாயில்லாப் பூச்சி.

"யாருன்னே தெரியாம பேசலாம்டி இதுல. நாலு வரி எழுது, போடு, அவ்வளவுதான். பிடிச்சவங்க படிப்பாங்க. மனசுல இருக்கறதை இப்படியே அமுக்கி வெச்சுட்டிருந்தா நீ ஒருநாள் வெடிச்சுடுவே" என்றாள் கேக் அக்கா.

சரி என்றேன். அன்று மத்தியானம் ரொட்டியெல்லாம் அடுப்புக்குள் போன பிறகு, இருவரும் முக்காலியில் உட்கார்ந்து கணக்கு ஆரம்பித்தோம். போலீஸ் ஸ்டேஷனில்கூட அவ்வளவு கேள்வி கேட்க மாட்டார்கள்.

"பேரு?"

"வேண்டாம்."

"ஏதாவது ஒண்ணு போட்டே ஆகணும்."

அடுப்புப் பக்கம் பார்த்தேன். "கரிஞ்ச ரொட்டி"ன்னு போடுக்கா என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த க்ரீம் என் முகத்தில் தெறித்தது.

பிறந்தநாள் கேட்டது. பொய்யாக ஒன்று கொடுத்தோம். போன் நம்பர் கேட்டது. அதற்குப் பதில் புதிதாக ஒரு மெயில் கொடுத்தோம். நான் இருக்கும் இடத்தைக் காட்டட்டுமா என்றது. காட்டாதே என்று அழுத்தினேன். அடுத்து வந்ததுதான் எல்லாவற்றிலும் மோசம். என் போனில் இருக்கிற நம்பர்களையெல்லாம் பார்த்து, தெரிந்தவர்களைத் தேடிப் பிடித்துக் கொடுக்கட்டுமா என்று ரொம்ப அன்பாகக் கேட்டது.

"தெரிஞ்சவங்க கண்ணுல படக் கூடாதுன்னுதான் இந்தப் பாடே! வேண்டாம்னு போடுக்கா. சீக்கிரம் போடு."

"போட்டாச்சு, போட்டாச்சு. கையை விடு, வலிக்குது." அப்போதுதான் அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்ததைக் கவனித்தேன். "இவ்வளவு பயந்தாங்கொள்ளி உனக்கு எதுக்குடி இதெல்லாம்? பேசாம கணக்கையே பூட்டி வெச்சுக்கறியா? நீ சரின்னு சொல்றவங்க மட்டும்தான் படிப்பாங்க."

யோசித்தேன். எனக்கு யாரையும் தெரியாது, யாருக்குச் சரி என்று சொல்வது? பூட்டிய வீட்டுக்குள் பேசிக்கொள்ளத்தான் ஏற்கனவே தெரியுமே. அந்த ஒரு கதவை மட்டும் திறந்து வைத்தேன்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் எனக்கே என்னைப் பிடித்திருந்தது. "ரொட்டி ரொம்ப சூடாக இருக்கிறது என்று ஒருவர் புகார் சொன்னார். நானும் அடுப்பும் மன்னிப்புக் கேட்டோம்" என்று எழுதினேன். முகம் தெரியாத யாரோ சிரித்தார்கள். "மாவை எவ்வளவு குத்தினாலும் மறுபடி எழுந்துகொள்கிறது, சொரணையே இல்லை" என்று எழுதினேன். அதற்கு ஒரு பெண் வெறும் இதயத்தை மட்டும் போட்டிருந்தாள். அந்த இதயத்தை நான் பஸ்ஸில், வீட்டில், பாத்ரூமில் எல்லாம் எடுத்து எடுத்துப் பார்த்தேன். பைத்தியம்தான்.

அப்புறம் ஒருநாள் ரொட்டியைப் படம் எடுத்தேன். அன்றைக்கு அது அவ்வளவு அழகாக வந்திருந்தது, என்ன செய்ய? ஆனால் சும்மா எடுத்துவிடவில்லை. கீழே வெள்ளைத் துணி விரித்தேன். ஜன்னல் தெரியாமல் திரும்பி நின்றேன். பக்கத்தில் பளபளக்கிற பாத்திரம் எதுவும் இல்லாமல் நகர்த்தினேன், அதில் என் முகம் விழுந்துவிடக் கூடாதே. கடை முத்திரை போட்ட காகிதத்தைத் தூர வைத்தேன். படத்தின் ஓரங்களை வெட்டி ரொட்டியை மட்டும் விட்டேன். முகம் இல்லை, ஊர் இல்லை, பெயர் இல்லை. வெறும் ரொட்டி. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டு போட்டேன்.

மறுநாள் புதிதாக ஒருவர் என்னைப் பின்தொடர்ந்திருந்தார். படம் இல்லை. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புள்ளி மட்டும். அந்தக் கணக்கைத் திறந்தேன். ஒரே ஒரு பதிவுதான் இருந்தது, எழுத்து எதுவும் இல்லாமல் ஒரு படம்.

ரொட்டி. அதன் முதுகில் மூன்று சாய்ந்த கீறல், கடைசியில் ஒரு குட்டிக் கீறல், வால்.

என் கை போனை மாவுக்குள் போட்டுவிட்டது.

அந்தக் கீறல் என் புருஷனுடையது. அடுப்பில் வைப்பதற்கு முன் மாவின் முதுகில் பிளேடால் கீறுவது எல்லாக் கடையிலும் உண்டு. கீறாவிட்டால் ரொட்டி கண்ட இடத்தில் வெடித்துக்கொள்ளும். ஒரு கோடு போடுகிறவர்கள் உண்டு, கூட்டல் குறி போடுகிறவர்கள் உண்டு. அவனும் ரொட்டிக் கடை வைத்திருக்கிறவன், மூன்று கோடும் வாலும் அவன் கண்டுபிடித்தது. "இது என் கையெழுத்து. இந்தக் கடையிலேர்ந்து போற ஒவ்வொரு ரொட்டியிலும் இது இருக்கணும்" என்பான். எனக்கு வால் எப்போதும் கொஞ்சம் குட்டையாகவே விழும். குட்டையான வாலைப் பார்த்தால் ரொட்டியைத் தூக்கி என் மேல் எறிவான். சூடாக இருந்தாலும் எறிவான். அது அவன் நல்ல மனநிலையில் இருக்கிற நாள். மற்ற நாட்களில் மாவு அறைக்குள் தள்ளி வெளியே தாழ்ப்பாள் போட்டுவிடுவான்.

அவனை விட்டு வந்தேன். பெயரை விட்டேன், நம்பரை விட்டேன், முடியைக்கூட வெட்டிக்கொண்டேன். ஆனால் இந்தக் கடைக்கு வந்த முதல் நாளிலிருந்து ஒவ்வொரு ரொட்டியிலும் மூன்று கோடும் வாலும் போட்டுக்கொண்டிருக்கிறேன். யாரும் போடச் சொல்லவில்லை. கை பாட்டுக்குப் போட்டிருக்கிறது, நான் பார்க்கவே இல்லை. அதைத்தான் வெள்ளைத் துணியில் வைத்து, வெளிச்சம் பார்த்து, ஊருக்கே காட்டியிருக்கிறேன்.

"அக்கா, அவன் பாத்துட்டான்" என்றேன். கேக் அக்கா மேஜையைச் சுற்றி ஓடி வந்தாள்.

அவள் போனை மாவிலிருந்து எடுத்து, ஏப்ரனில் துடைத்து, என் படத்தை அழித்தாள். கணக்கைப் பூட்டினாள். "போச்சு. இனிமே யாரும் பாக்க முடியாது" என்றாள்.

"ஏற்கனவே பாத்தவன்?"

அவள் போனை என் கையில் திணித்தாள்.

"படத்துலதான் ஊரே தெரியலையே. உலகத்துல எத்தனை ரொட்டிக் கடை இருக்கு! நீ எங்கயோ உயிரோட இருக்கே, ரொட்டி போடறே. அது மட்டும்தானே தெரியும்?"

அவள் கேக்காரி, அவளுக்கு அது போதும். எனக்குத்தான் எங்கள் தொழில் தெரியும். ஈஸ்ட் விற்கிறவர்கள் ஊர் ஊராக, கடை கடையாக ஏறி இறங்குகிறவர்கள். எல்லா அடுப்பையும் எல்லா ரொட்டியையும் பார்க்கிறவர்கள். அவர்களில் ஒருவரிடம் படத்தை நீட்டி "இது எந்தக் கடைல பாத்தீங்க?" என்று கேட்டால் போதும். என் புருஷனிடம் வருகிற ஈஸ்ட்காரரோடு அவன் உட்கார்ந்து டீ குடிப்பான், சிரிக்கச் சிரிக்கப் பேசுவான். வெளியாட்களிடம் அவன் தங்கமானவன்.

நினைத்து முடிக்கவில்லை, எங்கள் கடையின் பின்கதவு திறந்தது. ஈஸ்ட்காரர்.

வழக்கமாக வருகிறவர்தான், வழக்கமான நாள்தான். ஆனால் அன்று அவர் பெட்டியை இறக்கி வைத்ததும் நேராக ரொட்டி அடுக்கின் பக்கம் போனார். அப்போதுதான் வெளியே எடுத்த ரொட்டிகள், அத்தனையின் முதுகிலும் மூன்று கோடு, ஒரு வால்.

"நல்லா இருக்கே இந்த டிசைன்" என்றார். "எங்கயோ பாத்திருக்கேன்."

மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

கேக் அக்கா கை நிறைய க்ரீமோடு அவருக்கும் அடுக்குக்கும் நடுவில் வந்து நின்றாள். "எங்க பாத்தீங்க? போன தடவை வந்தப்ப இங்கதான் பாத்திருப்பீங்க. அது கிடக்கட்டும், நீங்க கொடுத்த ஈஸ்ட் செத்த ஈஸ்ட். மாவு எழுந்திருக்கவே மாட்டேங்குது. முதலாளியம்மா உங்களைத்தான் தேடிட்டிருக்காங்க, முன்னாடி போங்க, நல்லா வாங்கிக் கட்டிக்குவீங்க."

"செத்த ஈஸ்ட்டா? என் சரக்கா?" மனிதர் பதறிக்கொண்டு முன்பக்கம் ஓடினார்.

நான் மிச்சமிருந்த மாவின் பக்கம் திரும்பினேன். பிளேடை எடுத்து நடுவில் நேராக ஒரே ஒரு கோடு போட்டேன். கை இரண்டாவதுக்குத் தானாகப் போயிற்று. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினேன். ஒவ்வொரு ரொட்டிக்கும் அப்படிப் பிடித்துப் பிடித்துத்தான் நிறுத்த வேண்டியிருந்தது. கோபம் தாங்கவில்லை எனக்கு. என் கையே எனக்கு எதிரியாக இருந்தால் நான் யாரிடம் போய் அழுவது?

அன்று சாயங்காலம் மகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வரும்போது வழக்கமான தெருவில் வரவில்லை. சுற்றிக்கொண்டு கடைத்தெரு வழியாக வந்தேன். எதிரே வருகிற ஒவ்வொரு ஆணின் நடையையும் பார்த்தேன். ஒருவர் அவனைப் போலவே தோளைச் சாய்த்து நடந்தார். மகளை இழுத்துக்கொண்டு பக்கத்துச் செருப்புக் கடைக்குள் நுழைந்துவிட்டேன்.

"அம்மா, எனக்குச் செருப்பு வாங்கப் போறியா?" என்றாள் ஆசையாக.

"சும்மா பாக்கலாம்."

"ஏம்மா என் கையை இப்படி இறுக்கிப் பிடிக்கறே?"

"மாவு பிசைஞ்ச கை இல்ல, அதான்." அவளுக்கு எட்டு வயது. நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. நம்பாததைச் சொல்லாமல் இருக்கவும் அந்த வயதிலேயே கற்றிருந்தாள், அதுவும் அந்த வீட்டில் கற்றதுதான்.

வீடு என்பது மாடியில் ஒரு அறை, ஒரு மூலையில் சமையல். கதவைப் பூட்டி, நாற்காலியை முட்டுக் கொடுத்துவிட்டு, போனை எடுத்தேன். புள்ளியின் படத்தை மறுபடி பார்த்தேன். பார்க்கப் பிடிக்கவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. படத்தைப் பெரிதாக்கினேன்.

ஏதோ தப்பாக இருந்தது.

சாய்வு. என் கோடுகள் வலப்பக்கம் சாயும். அவன் கோடுகளும் அப்படித்தான், வலது கைக்காரர்களுக்கு அப்படித்தான் விழும். ரொட்டியைத் தலைகீழாகத் திருப்பி வைத்தாலும் சாய்வு மாறாது. இந்தப் படத்தில் கோடுகள் இடப்பக்கம் சாய்ந்திருந்தன. இது இடது கை கீறிய ரொட்டி.

அப்படியானால் அவன் இல்லை. உடனே மறுபடி சந்தேகம் வந்தது. படத்தை இடவலமாகத் திருப்பிவிட முடியுமே, போனில் ஒரு பொத்தான்தான். என்னைக் குழப்புவதற்கென்றே அவன் திருப்பியிருக்கலாம். படத்தின் மூலை மூலையாகப் போனேன். மேல் ஓரத்தில் ஒரு மாவு மூட்டையின் விளிம்பு, அதில் அச்சடித்த எழுத்தில் பாதி. அந்தப் பாதி எழுத்து நேராக, படிக்கிற மாதிரி இருந்தது. திருப்பவில்லை.

அவன் கடையில், அவன் கீறலை, இடது கையால் போடுகிறவர் யார்?

போன் அதிர்ந்தது. புள்ளியிடமிருந்து ஒரு செய்தி.

"அக்கா, அந்த ரொட்டிப் படத்தை அழிச்சிட்டீங்க, நல்லது, மறுபடி போடாதீங்க. அவர் இன்னும் பாக்கலை."

அந்த வரியை மறுபடி மறுபடி படித்தேன். இன்னொன்று வந்தது. "பயப்படாதீங்க. நான் அவரைக் கட்டிக்கிட்டவ. உங்களுக்கு அப்புறம்."

இரண்டாவது கல்யாணம் செய்துகொண்டான் என்று யாரோ சொல்லிக் கேள்விப்பட்டிருந்தேன். அப்போது எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்று, அப்பாடா, இனி என்னைத் தேட மாட்டான். அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு நிமிடம்கூட நான் நினைக்கவில்லை.

ஆனால் இவள் அவள்தானா? அவனே பக்கத்தில் உட்கார்ந்து எழுத வைக்கலாம். அவனே எழுதலாம். "அக்கா" என்று இனிக்க இனிக்கக் கூப்பிட அவனுக்கா தெரியாது?

"நீ யாருன்னு நான் எப்படி நம்பறது?" என்று எழுதினேன். விரல் வியர்த்து எழுத்து எழுத்தாக வழுக்கியது.

மகள் சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வந்தது, மொத்தமாக.

"மாவு ரூம் கதவுல உள்பக்கம், கீழ, மூணு கீறலும் ஒரு வாலும் இருக்கு. ஒண்ணு இல்ல, நிறைய இருக்கு. இருட்டுல விரலாலதான் தடவிப் பாத்தேன். எனக்கு முன்னாடியும் இங்க ஒருத்தங்க உக்காந்திருக்காங்கன்னு அப்பதான் தெரிஞ்சுது. எல்லாத்துலயும் வால் குட்டை. உங்க படத்துலயும் வால் குட்டை. அதை வெச்சுத்தான் நீங்கன்னு கண்டுபிடிச்சேன்."

நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

அந்த அறையில் ஜன்னல் கிடையாது, விளக்கின் சுவிட்ச் வெளியே இருக்கும். கதவைத் திறந்தால் அதன் உள்பக்கம் சுவரோடு ஒட்டிக்கொள்ளும், கண்ணில் படாது. மூடினால் இருட்டு. ஏப்ரன் பையில் பிளேடு இருந்த நாட்களில், கைக்கு ஏதாவது வேலை வேண்டுமே என்று நான் கீறிய கீறல்கள் அவை. அவற்றைப் பார்க்க வேண்டுமென்றால் உள்ளே தள்ளப்பட்டு, கதவு சாத்தப்பட்டு, தரையில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவன் ஒருநாளும் அங்கே அப்படி உட்கார்ந்ததில்லை.

"நம்பறேன்" என்று எழுதினேன். "எப்படி என்னைத் தேடினே?"

"தேடலை அக்கா. கடைக்கு இதுல ஒரு கணக்கு ஆரம்பிக்கச் சொன்னார். பழகிப் பாக்கலாம்னு முதல்ல பேரில்லாம ஒண்ணு ஆரம்பிச்சேன். ரொட்டின்னு தேடினேன், உங்க படம் வந்துது. பேரு எழுத பயம். ஒரு ரொட்டியைப் போட்டா உங்களுக்குப் புரியும்னு நினைச்சேன்."

புரிந்தது, பாதி உயிர் போனபிறகு. திட்ட வேண்டும் போல வந்ததை அடக்கிக்கொண்டேன். திட்டுவதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்று இருந்தது.

"இது யார் போன்?"

"கடை போன்."

உட்கார்ந்திருந்த நான் எழுந்துவிட்டேன். கடை போன் கல்லாவில் இருக்கும். அவன் சாயங்காலம் வந்ததும் முதலில் அதைத்தான் எடுப்பான். நாங்கள் எழுதிக்கொண்டிருந்த ஒவ்வொரு வரியும் அவன் கையில் போய் விழப்போகிற வரி.

"அவன் எங்கே?"

"மாவு எடுக்கப் போயிருக்கார். வந்துடுவார். அக்கா, நீங்க எங்க இருக்கீங்க? நானும் அங்க வந்துடட்டுமா?"

எழுதுவது இவள்தான், அவன் இல்லை, அதில் சந்தேகமில்லை. பாவம், கேட்பதிலும் தப்பில்லை. ஆனால் இவளுக்குத் தெரிந்தால் ஒருநாள் அவனுக்கும் தெரியும். மாவு அறைக்குள் எதுவும் நெஞ்சில் நிற்காது, எல்லாவற்றையும் சொல்ல வைத்துவிடுவான். என் மகள் எதிரில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"அதை மட்டும் கேக்காதேம்மா. உனக்குத் தெரியாம இருக்கறதுதான் நம்ம ரெண்டு பேருக்கும் நல்லது. நான் முதல்ல போன இடத்தோட நம்பர் தர்றேன். பொம்பளைங்களைக் காப்பாத்தற இடம். என் ஊர் அங்க யாருக்கும் தெரியாது. நம்பரைப் போன்ல போட்டு வைக்காதே, எழுதியும் வைக்காதே. மனப்பாடம் பண்ணு. கடை போன்ல கூப்பிடாதே."

"எதிர் மருந்துக்கடைல போன் இருக்கு. அந்தம்மா நல்லவங்க."

நம்பரை அனுப்பினேன். "ஆச்சா?" என்றேன். "ஆச்சு" என்றாள். "திரும்பச் சொல்லு" என்றேன். ஒரு எண் தப்பு. மறுபடி சொல்ல வைத்தேன். பிறகு, கேக் அக்கா எனக்குச் சொன்னதையும் அவளுக்கே தெரியாததையும் சேர்த்து, வேகமாக எழுதினேன்.

"இப்ப நான் சொல்றதை வரிசையா செய். உன் ரொட்டிப் படத்தை அழி. நாம பேசினது எல்லாத்தையும் அழி. என்னைப் பின்தொடரறதை எடுத்துடு. தேடற இடத்தைத் தொட்டா நீ தேடினது எல்லாம் கீழ வரும், அதுல என் பேர் இருக்கும், அதையும் அழி. அப்புறம் கணக்கையே அழி. கடைசியா கடைக்கு ஒரு கணக்கு ஆரம்பிச்சு வை. வந்ததும் என்ன பண்ணிட்டிருந்தேன்னு கேப்பான்."

"சரிக்கா."

"போய்ச் சேர்ந்தா அங்க சமையலறைல சின்ன ஓவன் இருக்கு. வேற போன்ல புதுக் கணக்கு ஆரம்பி. இடத்தைக் காட்டாதே, யாரையும் தேடித் தரச் சொல்லாதே. வெள்ளைத் துணி மேல ஒரு ரொட்டி வெச்சுப் படம் போடு. நேரா ஒரே கோடு. அந்த மூணு கோடும் வாலும் எங்கயும் எப்பவும் வேண்டாம். நான் தினம் ரொட்டின்னு தேடுவேன். பாத்தாலும் இதயம் போட மாட்டேன், எதுவும் எழுத மாட்டேன். பாத்துட்டேன்னு வெச்சுக்கோ."

"அக்கா வண்டிச் சத்தம்"

அதோடு நின்றது. முற்றுப்புள்ளிகூட இல்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் கண் முன்னாலேயே அவள் எழுதிய வரிகள் காணாமல் போக ஆரம்பித்தன. ஒன்று போயிற்று. இன்னொன்று போயிற்று. பாதியில் நின்றுவிட்டது. அழி, அழி என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். மகள் தட்டை விட்டு எழுந்து வந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். மறுபடி ஒன்று போயிற்று. அப்புறம் எல்லாமே. கடைசியில் புள்ளியும் இல்லை.

அழித்தது அவளா, அல்லது எல்லாவற்றையும் படித்து முடித்துவிட்டு அவனா? தெரிந்துகொள்ள வழி இல்லை.

அதற்குப் பிறகு நான் வாழ்ந்ததை வாழ்ந்தது என்று சொல்ல முடியாது. கடையில் பின்கதவு திறக்கும்போதெல்லாம் கையில் இருப்பது கீழே விழுந்தது. நடந்ததையெல்லாம் கேட்ட கேக் அக்கா கதவில் ஒரு மணியைக் கட்டி வைத்தாள், யாராவது வந்தால் முன்கூட்டியே தெரியட்டும் என்று. மணி சத்தத்துக்கும் சேர்த்துப் பயந்தேன். என்னைப் பற்றிய பயம் பழகிய பயம், அதற்கு எங்கே ஒளிய வேண்டும் என்று தெரியும். அவளைப் பற்றிய பயத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. அவளுக்குப் பெயர்கூட நான் கேட்கவில்லை. கேட்காததுதான் சரி என்று மூளை சொன்னது, மனசு கேட்கவில்லை.

தினமும் "ரொட்டி" என்று தேடினேன். உலகத்தில் இத்தனை பேர் ரொட்டியைப் படம் எடுக்கிறார்களா என்று எரிச்சலாக வந்தது. ஜன்னல் தெரிய, தெருப்பெயர் தெரிய, குழந்தையின் பள்ளிச் சீருடை தெரிய என்ன தைரியமாகப் போடுகிறார்கள்! அவர்களைப் பார்த்தால் பொறாமையாகவும் இருந்தது.

ஒரு மத்தியானம், ரொட்டியெல்லாம் அடுப்புக்குள் போன பிறகு, அது வந்தது.

வெள்ளைத் துணி. அதன் மேல் ஒரு ரொட்டி. ஒரே ஒரு கோடு. நேராகப் போடச் சொல்லியிருந்தேன், அவள் கையும் கேட்கவில்லை போல, லேசாக இடப்பக்கம் சாய்ந்திருந்தது. ஓரத்தில் எழுத்து இல்லை, ஜன்னல் இல்லை, பளபளப்பு இல்லை. நன்றாகத்தான் பாடம் கேட்டிருக்கிறாள் என்று நினைக்கும்போதே ரொட்டியின் மூலையைப் பார்த்தேன். அங்கே ஒரு பள்ளம். நான் முதலில் போன இடத்துச் சமையலறையில் ரொட்டி சுடும் டின் ஒன்று மூலையில் நசுங்கியிருக்கும். எத்தனை ரொட்டி அதில் நானே போட்டிருக்கிறேன்! போய்ச் சேர்ந்துவிட்டாள். அதே மேஜையில், அதே டின்னில்.

சந்தோஷத்தில் கத்தப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். ஒரு பள்ளத்தை வைத்து நான் அவள் இருக்கும் அறை வரைக்கும் போய்விட்டேனே. நான் போனால் இன்னொருவர் போக முடியாதா? எடுத்துவிடு, பெண்ணே, பார்த்துவிட்டேன், எடுத்துவிடு என்று மனசுக்குள் கெஞ்சினேன். எழுதக் கூடாது, நானே போட்ட விதி.

"என்னடி, சிரிக்கறியா அழறியா? ஏதாவது ஒண்ணு செய்" என்றாள் கேக் அக்கா மேஜைக்கு அந்தப் பக்கமிருந்து. போனை அவள் பக்கம் திருப்பினேன். "ரொட்டி" என்றாள். "பொழுதன்னைக்கும் பாக்கறது போதாதா உனக்கு?" பிறகு என் முகத்தைப் பார்த்தாள், இன்னொரு தடவை படத்தைப் பார்த்தாள், க்ரீம் பையைக் கீழே வைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு அவள் அப்புறம் பேசவே இல்லை.

அடுப்பு மணி அடித்தது. ரொட்டிகளை வெளியே எடுத்து அடுக்கினேன். கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி தேடினேன். ஜன்னல் ரொட்டி, தெருப்பெயர் ரொட்டி, பள்ளிச் சீருடை ரொட்டி எல்லாம் இருந்தன. வெள்ளைத் துணி ரொட்டியைக் காணவில்லை. எடுத்துவிட்டிருந்தாள்.